327 எபிசோடைப் பார்த்துப் பயப்படாதீர்கள்: அமெரிக்க அமானுஷ்யத் தொடர்களைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

யாரோ சொன்னார்கள் என்று ‘சூப்பர்நேச்சுரல்’ தொடரைத் திறந்திருப்பீர்கள். 15 சீசன், 327 எபிசோட் என்று திரையில் தெரிந்ததும் மூடியும் இருப்பீர்கள். ‘தி எக்ஸ்-ஃபைல்ஸ்’ பக்கம் போனால் 218. ‘பஃபி’ பார்க்கலாம் என்றால் பாதியில் ‘ஏஞ்சல்’ என்று இன்னொரு தொடர் கிளைவிடுகிறது. எங்கே தொடங்குவது, நடுவில் வரும் சினிமாவை எப்போது பார்ப்பது, எந்தப் பிரதி நல்ல பிரதி என்று சொல்ல ஆளில்லாமல் முட்டி மோதித்தான் நானும் இவற்றைப் பார்த்து முடித்தேன். அந்தப் பாடு உங்களுக்கு வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவற்றில் பெரும்பாலானவை வாரம் ஒரு எபிசோட், வருஷத்துக்கு 22 எபிசோட் என்ற கணக்கில், விளம்பர இடைவேளைகளோடு ஓடியவை. ஒரே மூச்சில் பார்ப்பதற்காக எடுக்கப்பட்டவை அல்ல. 22 வாரத்தை நிரப்ப வேண்டிய கட்டாயத்தில் சுமாரான எபிசோட்களும் நிறையவே உண்டு. அதனால் ஒன்றுவிடாமல் பார்த்தே தீருவேன் என்ற வைராக்கியத்தை விட்டுவிடுங்கள். எங்கே நுழைவது, எங்கே வெளியேறுவது என்று தெரிந்தால் போதும்.

முக்கியத் திருப்பங்கள் எதையும் இங்கே உடைக்கவில்லை. தைரியமாகப் படிக்கலாம்.

1. ஒரே ஒரு தொடரைத் தேர்ந்தெடுங்கள்

இரண்டு மூன்றை ஒன்றாகத் தொடங்கினால் எந்தப் பேயை யார் விரட்டினார்கள் என்பதே மறந்துபோகும். உங்கள் ருசிக்கு எது ஒத்துவரும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தி எக்ஸ்-ஃபைல்ஸ்: 1993இல் தொடங்கியது. மல்டர், ஸ்கல்லி என்று எஃப்பிஐ அதிகாரிகள் இரண்டு பேர். மல்டர் எதையும் நம்பத் தயார். ஸ்கல்லி அம்மா டாக்டருக்குப் படித்தவர், சோதித்துப் பார்க்காமல் எதையும் ஏற்க மாட்டார். 90களில் சன் டிவியில் ‘மர்மதேசம்’ பார்த்துவிட்டு, இது சாமியா மனநோயா என்று வாதாடிய ஆள் நீங்கள் என்றால் இதுதான் உங்களுக்கான தொடர். முழுக்கப் பார்க்க சுமார் 160 மணி நேரம் ஆகும்.

பஃபி தி வாம்பயர் ஸ்லேயர்: 1997 முதல் 2003 வரை, 144 எபிசோட். பகலில் பள்ளி, இரவில் ரத்தக்காட்டேரி வேட்டை. பெயரைக் கேட்டதும் சிரிப்பு வரும், பரவாயில்லை. பதின்வயதின் ஒவ்வொரு வேதனையையும் ஒரு பேயாக மாற்றிக் காட்டியதில் இதற்கு ஈடான தொடர் இன்னும் வரவில்லை என்பது என் கட்சி. கிளைத் தொடரான ‘ஏஞ்சல்’ 110 எபிசோட். இரண்டும் சேர்ந்தால் சுமார் 180 மணி நேரம்.

சூப்பர்நேச்சுரல்: 2005 முதல் 2020 வரை. பேய் வேட்டையாடும் அண்ணன், தம்பி, 1967 மாடல் கறுப்பு செவ்ரோலே இம்பாலா கார், டிக்கி நிறைய ஆயுதங்களும் பேயை விரட்ட உப்பும். அண்ணன் தம்பி பாசத்துக்குக் கண் கலங்குகிறவர் என்றால் யோசிக்கவே வேண்டாம். முழுசாக சுமார் 230 மணி நேரம். அதாவது தினம் ஒன்று பார்த்தால் ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் முழுசாகப் பார்க்கத் தேவையில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஃப்ரிஞ்ச்: 2008 முதல் 2013 வரை, சரியாக 100 எபிசோட். பேயைவிட விபரீத விஞ்ஞானம் பிடிக்கும் என்பவர்களுக்கு.

ட்வின் பீக்ஸ்: 1990இல் டேவிட் லிஞ்சும் மார்க் ஃப்ராஸ்ட்டும் சேர்ந்து உருவாக்கியது. மொத்தமே 48 எபிசோட்தான் என்று இதை முதலில் எடுக்காதீர்கள். இருப்பதிலேயே குட்டித் தொடர் இதுதான்; பொறுமையை அதிகம் கேட்பதும் இதுதான். இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வைத்துக்கொள்ளுங்கள்.

2. கையில் வைத்திருக்க வேண்டியவை

ஆன்லைனில் பார்ப்பவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். மொபைல் எண், மின்னஞ்சல், யுபிஐ அல்லது கார்டு. கூடவே இரண்டு வேலைகளைச் செய்துகொள்ளுங்கள். முதலாவது, வீட்டில் எல்லாருக்கும் ஒரே கணக்கு என்றால் இதற்கென்று தனி புரொஃபைல் திறந்துவிடுங்கள். இல்லையென்றால் வேறு யாரோ பாதியில் விட்ட எபிசோடில் உங்கள் தொடர் போய் நிற்கும். குழந்தைகளின் கார்ட்டூன் வரிசைக்கு நடுவே மண்டை ஓடும் எட்டிப் பார்க்கும். இரண்டாவது, கீழே நான் கொடுக்கும் எபிசோட் எண்களை போன் நோட்ஸில் எழுதிக்கொள்ளுங்கள். எபிசோட் பட்டியலை இணையத்தில் தேடப் போனால் ‘இந்த எபிசோடில் இறக்கும் பாத்திரம்’ என்று முதல் வரியிலேயே போட்டு உடைத்துவிடுவார்கள்.

டிவிடி, ப்ளூ-ரே வாங்குகிறவர்களுக்குத்தான் காகித வேலை. வெளிநாட்டிலிருந்து கூரியரில் இந்தியாவுக்கு வரும் பார்சலுக்கு கேஒய்சி கேட்பார்கள். ஆதார் அல்லது பாஸ்போர்ட் நகல், ஆர்டரின் இன்வாய்ஸ், பணம் கட்டியதற்கான ஆதாரம், மூன்றையும் பிடிஎஃப் ஆக முன்பே சேமித்து வையுங்கள். அடையாள அட்டையில் உள்ள பெயரும் பார்சலில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும். இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதற்கெல்லாம் பார்சல் நின்றுபோவதுண்டு. விலைக்கு மேல் சுங்க வரியும், கூரியர் நிறுவனம் தனியாகப் போடும் கட்டணமும் சேரும். டப்பாவின் விலையை மட்டும் பார்த்து ‘மலிவு’ என்று குதிக்க வேண்டாம்.

அப்புறம் ரீஜன் கோட், அதாவது எந்தப் பகுதியின் பிளேயரில் ஓடும் என்று டிஸ்கில் போட்டிருக்கும் பூட்டு. அமெரிக்க டிவிடி ரீஜன் 1, பிரிட்டன் 2, சிங்கப்பூர், மலேசியா 3, இந்தியாவும் இலங்கையும் 5. ப்ளூ-ரேயில் அமெரிக்கா ஏ, பிரிட்டன் பி, இந்தியா சி. எல்லா ரீஜனும் ஓடும் பிளேயர் இருந்தால் கவலையில்லை. லேப்டாப் டிரைவில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தால் எச்சரிக்கை: வழக்கமான டிவிடி டிரைவில் ரீஜனை ஐந்து முறைதான் மாற்ற முடியும். ஐந்தாவது தடவை எதில் வைத்தீர்களோ, அதிலேயே பூட்டிக்கொள்ளும்.

3. செலவைக் குறைக்கும் வழி

இந்தத் தொடர்களின் உரிமை ஒரே தளத்தில் நிலையாக இருப்பதில்லை. போன வருஷம் ஒன்றில் இருந்தது இந்த வருஷம் வேறொன்றில் இருக்கும். அதனால் வருஷச் சந்தா கட்டுவதற்கு முன் எது எந்தத் தளத்தில் இருக்கிறது என்று காட்டும் ‘ஜஸ்ட்வாட்ச்’ தளத்தில் உங்கள் நாட்டைத் தேர்ந்தெடுத்துத் தேடுங்கள். எல்லா சீசனும் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மூன்று சீசன் மட்டும் வைத்துக்கொண்டு, முகப்பில் தொடரின் பெயரைப் பெரிதாகப் போடும் வழக்கம் உண்டு.

சில தளங்களில் தேடினால் தொடர் வரும். உள்ளே போனால் அது கூடுதல் சேனலுக்கு உரியது, அதற்குத் தனிச் சந்தா என்று சொல்லும். ஏற்கெனவே கட்டியிருக்கும் பணத்தில் அது அடங்காது. ‘7 நாள் இலவசம்’ என்பதை அழுத்தினால் ஆட்டோபேவும் சேர்ந்தே தொடங்கிவிடும். இந்தியாவில் ஆட்டோபே பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த எஸ்எம்எஸ்ஸை விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள். யுபிஐ என்றால் உங்கள் ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் நீங்களே ரத்து செய்யலாம். பெரும்பாலான தளங்களில், ரத்து செய்த பிறகும் கட்டிய காலம் முடியும்வரை பார்க்கலாம்.

என் கணக்கு இது: எக்ஸ்-ஃபைல்ஸில் பொறுக்கி எடுத்த 40 எபிசோட் என்றால் 30 மணி நேரம். தினம் ஒரு மணி நேரம் பார்த்தால் ஒரு மாதச் சந்தா போதும். பஃபியும் ஏஞ்சலும் சேர்த்து அதே வேகத்தில் ஆறு மாதம். சந்தாவை இப்படி மணிக்கணக்கை வைத்துத் தீர்மானியுங்கள்.

நடுவில் வரும் சினிமாக்களை வாடகைக்கு எடுக்க நேரும். வாடகைப் படத்தை வழக்கமாக 30 நாளுக்குள் தொடங்க வேண்டும், தொடங்கிய 48 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். தொடரில் அந்த இடத்துக்கு வந்த பிறகு எடுங்கள்.

4. எந்தப் பிரதி என்று பாருங்கள்

இதில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், ஏமாந்தது தெரியாமலேயே.

பஃபி பழைய டிவியின் சதுரவாக்குத் திரைக்காக, அதாவது 4:3 அளவில் எடுக்கப்பட்டது. 2014 வாக்கில் அகலத் திரைக்கென்று ஒரு எச்டி பிரதி செய்தார்கள். படச்சுருளின் ஓரங்களைத் திறந்துவிட்டதில், படக்குழு ஆட்களும் விளக்குக் கருவிகளும் சட்டகத்துக்குள் வந்துவிட்டன. வேறு சில இடங்களில் மேலும் கீழும் வெட்டி ஆட்களின் நெற்றியையே காணோம். அதைவிடப் பெரிய அநியாயம், பகலில் எடுத்து வண்ணத்தை மாற்றி இரவாக்கிய காட்சிகளில் அந்த மாற்றம் விட்டுப்போனது. வெயில் பட்டாலே எரிந்துபோகும் ரத்தக்காட்டேரி பட்டப்பகலில் நின்று பேசுவது போல இருக்கும். ஆகவே பஃபியின் முதல் சீசன்களில் திரையின் இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தால் சந்தோஷப்படுங்கள். ‘திரையை நிரப்பு’ பட்டனை அழுத்தாதீர்கள்.

எக்ஸ்-ஃபைல்ஸுக்கு இந்தக் கவலை இல்லை. அதன் எச்டி பிரதி கவனமாகச் செய்யப்பட்டது. ஆனால் பாதித் தொடர் இருட்டில் டார்ச் வெளிச்சத்திலேயே நடக்கும். டிவியில் அசைவுகளைச் செயற்கையாக வழுவழுப்பாக்கும் ‘மோஷன் ஸ்மூத்திங்’ வசதியை அணைத்து, அறை விளக்கையும் அணைத்துவிட்டுப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் பார்த்தால் திரையில் உங்கள் வீட்டு ஜன்னல்தான் தெரியும்.

பஃபி 6ஆம் சீசன் 7ஆவது எபிசோட் முழுக்கப் பாட்டாக வரும். அது மட்டும் சுமார் 50 நிமிடம். 42 நிமிடத்தில் முடிந்துவிட்டால் மறுஒளிபரப்புக்காக வெட்டிய பிரதி உங்களிடம் இருக்கிறது.

ட்வின் பீக்ஸின் முதல் எபிசோட் சுமார் 94 நிமிடம். அதைவிட 20 நிமிடம் போல நீளமாக ஓடினால் உடனே நிறுத்துங்கள். வெளிநாட்டு வீடியோ சந்தைக்காகத் தனிப் படமாக விற்ற பிரதி அது; கொலைகாரன் யார் என்று ஒரு முடிவைக் கடைசியில் ஒட்டவைத்திருப்பார்கள். தொடரின் உயிரே அந்தக் கேள்விதான்.

5. வரிசை

எக்ஸ்-ஃபைல்ஸில் இரண்டு வகை எபிசோட். வேற்றுக்கிரகவாசி, அரசாங்கச் சதி என்று சீசன் சீசனாக நீளும் ‘மித்தாலஜி’ ஒன்று. ஒரே எபிசோடில் வந்து போகும் ‘மான்ஸ்டர் ஆஃப் தி வீக்’ இன்னொன்று. ரசிகர்கள் பலர் முதலாவதைத்தான் தூக்கிவைத்து ஆடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மித்தாலஜி போகப் போகச் சிக்கலாகி, எழுதியவர்களுக்கே பிடி நழுவியது போலத்தான் இருக்கும். ஒற்றை எபிசோட்களோ இன்றைக்கும் அப்படியே நிற்கின்றன. முதல் ருசிக்கு இவை: 1ஆம் சீசனில் 1, 3, 8, 13, 21, 24. இதில் 3ஐப் பார்த்த பிறகே 21. இரண்டிலும் அதே ஆசாமி, காற்றுக்குழாய்க்குள் உடம்பை நீட்டி நுழைகிறவன். 8ஆவதைப் பார்க்கும் முன் ஜான் கார்பென்டரின் 1982 படம் ‘தி திங்’ பார்த்திருந்தால் இரட்டிப்புச் சுவை. பனிப்பிரதேச முகாம், யாருக்குள் அது இருக்கிறது என்ற சந்தேகம், எல்லாம் அங்கிருந்து வந்ததுதான். பிறகு 2ஆம் சீசனில் 20, 3இல் 4, 20. 5இல் 12, 6இல் 2.

3ஆம் சீசனின் 4ஆவதை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் வரும் கிழவர் இன்ஷூரன்ஸ் விற்பவர். எதிரில் இருப்பவர் எப்படிச் சாவார் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். நம் ஊர் எல்ஐசி ஏஜெண்டுக்கு இந்தச் சக்தி இருந்தால் இலக்கை ஒரே மாதத்தில் முடித்திருப்பார் என்று தோன்றும். இவருக்கோ அது சலிப்பையும் தனிமையையும் தவிர வேறொன்றும் தரவில்லை. சிரித்துக்கொண்டே பார்த்து, கடைசியில் பேச்சு வராமல் உட்கார்ந்திருப்பீர்கள். எழுதிய டாரின் மார்கனும் நடித்த பீட்டர் பாயிலும் இதற்காக எம்மி விருது வாங்கினார்கள்.

4ஆம் சீசன் 2ஆவதை வீட்டில் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது போடாதீர்கள். 1996இல் எச்சரிக்கை வாசகத்தோடு ஒளிபரப்பானது அது. காரணம் பார்த்தால் தெரியும்.

1998இல் வந்த எக்ஸ்-ஃபைல்ஸ் சினிமா 5ஆம் சீசனுக்கும் 6ஆம் சீசனுக்கும் நடுவில். தொடரின் எபிசோட் பட்டியலில் அது இருக்காது. அதைத் தாண்டிப் போனால் 6ஆம் சீசன் தொடக்கம் தலையும் புரியாது, வாலும் புரியாது. 2008 சினிமாவைப் பார்க்காவிட்டால் ஒன்றும் குடி முழுகாது.

பஃபியில் முதல் சீசன் 12 எபிசோட்தான். மேக்கப்பும் கிராஃபிக்ஸும் பரிதாபமாக இருக்கும், தாங்கிக்கொள்ளுங்கள். அவசரமென்றால் 1, 2, 7, 12 மட்டும் பார்த்துவிட்டு இரண்டாவதுக்குப் போகலாம். 2ஆம் சீசனின் 13, 14 வரை வந்து பாருங்கள். அங்கேயும் பிடிக்கவில்லையென்றால் இது உங்களுக்கான தொடரில்லை, விட்டுவிடலாம். 1992இல் இதே பெயரில் வந்த சினிமாவைத் தேடிப் பார்க்க வேண்டாம். நடிகர்களும் வேறு, தொனியும் வேறு.

4ஆம் சீசன் தொடங்கியதும் ஏஞ்சலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பஃபி 4க்கு ஏஞ்சல் 1, பஃபி 5க்கு ஏஞ்சல் 2. இந்த இரண்டு வருஷமும் இரண்டும் ஒரே இரவில் அடுத்தடுத்து ஒளிபரப்பானவை. அதனால் எண்ணுக்கு எண் மாற்றி மாற்றிப் பார்த்தால் போதும், ஒரு தொடரில் தொடங்கும் விவகாரம் மற்றதில் தானாகப் போய்ச் சேரும். பஃபி 5இன் 7ஐயும் ஏஞ்சல் 2இன் 7ஐயும் கண்டிப்பாக ஒரே இரவில் பாருங்கள். ஒரே பழங்கதையை இரண்டு பக்கத்திலிருந்து காட்டுவார்கள். 6ஆம் சீசனில் பஃபி வேறு சேனலுக்குப் போய்விட்டதால் பிணைப்பு தளர்ந்துவிடும். கடைசியில் ஒரு முடிச்சு மட்டும் உண்டு: ஏஞ்சல் 4இன் 15 வரை பார்த்துவிட்டே பஃபி 7இன் 18ஐத் தொடுங்கள். ஏஞ்சல் 5, பஃபி முழுவதும் முடிந்த பிறகு.

ஆங்கில வசனம் பிடிபடுமா என்று தயங்குகிறவர்கள் பஃபி 4ஆம் சீசன் 10ஐ மாதிரிக்குப் போட்டுப் பாருங்கள். ஊரில் எல்லாருடைய குரலும் ஒரே இரவில் திருடப்பட்டுவிடுகிறது. சுமார் 27 நிமிடம் பேச்சே கிடையாது. கறுப்பு சூட் போட்ட மொட்டைத் தலை ஆசாமிகள், தரையிலிருந்து சில அங்குலம் மேலே மிதந்தபடி, உலோகப் பற்கள் தெரியச் சிரித்துக்கொண்டு வருவார்கள். ஒருவரையொருவர் பார்த்து மரியாதையாகத் தலையசைத்துக்கொள்வார்கள். வேலை முடிந்ததும் மெல்லக் கைதட்டிக்கொள்வார்கள். அந்த மரியாதைதான் பயம். மற்ற எபிசோட்களுக்கு ஆங்கில சப்டைட்டில் போட்டுக்கொண்டால் ஒரு வாரத்தில் காது பழகிவிடும்.

ஃப்ரிஞ்சில் ஒரே ஒரு பொறி. 2ஆம் சீசனின் 11ஆவது எபிசோட், முதல் சீசனுக்காக எடுத்து மிச்சம் வைத்திருந்தது. வரிசையில் பார்த்தால் ஒரு முக்கியப் பாத்திரத்தின் நிலை முன்னுக்குப் பின் முரணாகி, ஏதோ மர்மம் என்று மண்டையை உடைத்துக்கொள்வீர்கள். மர்மம் ஒன்றும் இல்லை. தாண்டிப் போய்விடுங்கள்.

ட்வின் பீக்ஸுக்கு: 1, 2ஆம் சீசன்கள், பிறகு 1992 சினிமா, பிறகு 2017இல் வந்த 18 எபிசோட். சினிமா முன்கதை என்பதால் அதை முதலில் பார்க்கச் சொல்வார்கள். கேட்காதீர்கள்.

6. ‘ஸ்கிப் இன்ட்ரோ’ பட்டனில் கை வைக்கும் முன்

எக்ஸ்-ஃபைல்ஸின் டைட்டில் கடைசியில் வரும் வாசகம் முக்கியமான எபிசோட்களில் மட்டும் மாறும். ஃப்ரிஞ்சில் டைட்டிலின் நிறமே குறிப்பு. நீலம் என்றால் ஓர் இடம், சிவப்பு என்றால் வேறோர் இடம். பஃபி 4இன் 17இல் டைட்டிலிலேயே ஒரு குறும்பு செய்திருப்பார்கள். சூப்பர்நேச்சுரலில் 2ஆம் சீசன் முதல் அநேகமாக ஒவ்வொரு சீசனின் கடைசி எபிசோடும் ‘கேரி ஆன் வேவர்ட் சன்’ பாட்டோடு ஒரு முன்கதைச் சுருக்கத்தில் தொடங்கும். மற்ற முன்கதைகளைத் தள்ளுங்கள், இதை மட்டும் தள்ளினால் பாவம்.

7. எங்கே நிறுத்துவது

சூப்பர்நேச்சுரலை உருவாக்கிய எரிக் கிரிப்கே முதல் ஐந்து சீசன்களைத்தான் முன்னின்று நடத்தினார். 5ஆம் சீசன் 22ஆவதோடு கதை முழுமையாக முடிகிறது. அதுவரை 104 எபிசோட், சுமார் 73 மணி நேரம். (3ஆம் சீசனில் 16தான் இருக்கும். எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தால் அவ்வளவுதான் எடுத்தார்கள், உங்கள் தளம் எதையும் மறைக்கவில்லை.) அதற்கப்புறம் 6இன் 15, 11இன் 4, 13இன் 16 ஆகியவற்றைத் தனித்தனியாகப் பார்க்கலாம். 11இன் 4 முழுக்க அந்தக் காருக்குள்ளிருந்தே நடக்கும். மிச்சமெல்லாம் அந்த இரண்டு பேரைப் பிரிய மனமில்லாதவர்களுக்கு.

எக்ஸ்-ஃபைல்ஸில் 7ஆம் சீசனோடு மல்டராக நடித்த டேவிட் டுகோவ்னி முழுநேர வேடத்திலிருந்து விலகினார். பெரும்பாலானவர்களுக்கு அது நல்ல நிறுத்தம். 2016, 2018இல் வந்த 16 எபிசோட்களைப் பழைய பாசத்துக்காகப் பார்க்கலாம்.

பஃபியை முழுசாகப் பாருங்கள். 6ஆம் சீசன் இருட்டாகப் போகிறது என்று பாதியில் விடுபவர்கள் உண்டு. எனக்குப் பிடித்த சீசன்களில் அதுவும் ஒன்று.

ஏஞ்சல் 5ஆம் சீசன் 22ஆவது எபிசோட் மழையில், ஒரு சந்தில், வாளை ஓங்கிய நிலையில் சட்டென்று கறுப்பாகிவிடும். நெட் போகவில்லை, பிரதியும் வெட்டப்படவில்லை. 23ஐத் தேடாதீர்கள், அதுதான் கடைசிக் காட்சி.